களம் இருந்தது, ஆட்டம் இல்லை

‘களவாணி’ எடுத்த ஏ. சற்குணம் மறுபடியும் தஞ்சைப் பக்கம் வருகிறார், இந்த முறை கபடியைக் கையில் எடுத்திருக்கிறார் என்று தெரிந்தபோது டெல்டாவில் எழுந்த எதிர்பார்ப்பு நியாயமானது. ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் கபடி அணி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். லைகா தயாரிப்பு, ராஜ்கிரணும் அதர்வாவும் நடிப்பு, ஜிப்ரான் இசை. 2022 நவம்பர் 25 அன்று ‘பட்டத்து அரசன்’ வெளியானது. வயல், வாய்க்கால், வரப்பு, வட்டாரப் பேச்சு எல்லாம் படத்தில் இருந்தன. கபடி மட்டும் இல்லை.

கபடிக் காட்சிகள் இல்லை என்று சொல்லவில்லை. ஆட்டம் அடிக்கடி வருகிறது. கதையின் திருப்பங்கள் எல்லாமே அதில்தான் தொங்குகின்றன. ஆனாலும் ஆடத் தெரியாதவர்கள், ஆடும் வயதைக் கடந்தவர்கள், ஆடவே விரும்பாதவர்கள் எப்படி ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள் என்கிற பகுதியைப் படம் தாண்டிப் போய்விடுகிறது. களத்துக்குச் சற்றும் பொருந்தாத ஒருவர் களத்தில் இறங்கும் கதைக்கு உயிர்நிலை அந்தப் பகுதிதான். சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது, நம்பிக்கையும் அங்கேதான் பிறக்கிறது. இந்தக் குறை ஒரு படத்தோடு நிற்பதாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு வந்த ‘மான் கராத்தே’யும் குத்துச்சண்டையை வைத்துக்கொண்டு இதே இடத்தில்தான் சறுக்கியது. ஒன்று குடும்பப் படம், இன்னொன்று முழு நகைச்சுவைப் படம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ்த் திரையின் ஒரு பழக்கம் புலப்படுகிறது.

‘பட்டத்து அரசன்’ கதையின் அடித்தளம் அருமையானது. பொத்தாரி ஒரு காலத்தில் ஊருக்கே பெருமை தேடித்தந்த கபடி வீரர். ராஜ்கிரண் ஏற்ற வேடம். அவருடைய பேரன்களில் ஒருவன் சின்னதுரை, அதர்வா. பழைய மனக்கசப்பால் அவன் கிளை பெரிய குடும்பத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது. இன்னொரு பேரன் நல்ல ஆட்டக்காரன். காசு வாங்கிக்கொண்டு தோற்றுக் கொடுத்தான் என்று அவன் மீது பழி விழுகிறது. அவமானம் தாங்காமல் உயிரை விடுகிறான். ஊர் அந்தக் குடும்பத்தையே ஒதுக்குகிறது. அப்போது சின்னதுரை ஒரு சவால் விடுகிறான்: எங்கள் குடும்பம் ஒரு அணி, ஊர் ஒரு அணி, கபடியில் மோதிப் பார்ப்போம்.

ஒரு வீட்டின் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, பேரன் என்று ஏழு பேர் ஊரின் தேர்ந்த அணிக்கு எதிராக நிற்க வேண்டும். தொப்பை இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, பங்காளிச் சண்டை இருக்கிறது, ஒருவருக்கொருவர் பேசி வருஷக் கணக்காகிறது. கபடியில் பிடிக்கிறவர்கள் கை கோத்து நிற்க வேண்டும். சொத்துத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத அண்ணனும் தம்பியும் கை கோத்தால்தான் ரைடரை மடக்க முடியும். இதைவிட நல்ல நகைச்சுவை, இதைவிட நல்ல குடும்பக் காட்சி எங்கே கிடைக்கும்? படத்தில் சிங்கம்புலியும் பால சரவணனும் இருக்கிறார்கள். அவர்களுக்கான சிரிப்பு வசனத்தில் தேடப்படுகிறது. பக்கத்திலேயே களத்தில் கொட்டிக் கிடந்ததை யாரும் அள்ளவில்லை.

சற்குணத்துக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. 2010-ல் வந்த ‘களவாணி’யில் அவர் சிரிப்பை எங்கிருந்து எடுத்தார் என்று நினைத்துப் பாருங்கள். அப்பன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான். இங்கே அம்மாவை மிரட்டிக் காசு பிடுங்கித் திரிகிறான் அறிக்கி. உர மூட்டை திருட்டு, அரசனூருக்கும் ராணிமங்கலத்துக்கும் தீராப் பகை, கஞ்சா கருப்பு பால்டாயில் குடித்துவிட்டதாகச் சொல்லி அவரை ஆம்புலன்சில் ஏற்றிவிடும் அந்தக் காட்சி. ஒவ்வொன்றும் டெல்டாவின் அன்றாடத்திலிருந்து வந்தது. பயிருக்கு அடிக்கும் மருந்தே சாவுக்கும் கருவியாகிப் போன ஊர்களில்தான் அப்படி ஒரு நகைச்சுவை எடுபடும். அதன் அடியில் இருக்கும் துயரம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டே ‘வாகை சூட வா’வில் செங்கல் சூளையை அவர் அவ்வளவு நெருக்கமாகக் காட்டினார். மண் பிசைவது, அச்சில் அறுப்பது, கல்லை எண்ணிக் கூலி வாங்குவது எல்லாம் கதையாகவே மாறின. அந்தப் படம் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஒரு தொழிலை அருகிருந்து பார்க்கும் கண் அவருக்கு உண்டு. அந்தக் கண் கபடிக் களத்தின் மீது விழவில்லை என்பதுதான் வருத்தம்.

பொருந்தாத வீரனின் கதை உலக சினிமாவில் பழையது. பஸ்டர் கீட்டனின் ‘பேட்லிங் பட்லர்’ 1926-ல் வந்தது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளை ஒருவன் மலைநாட்டுப் பெண் ஒருத்தியைக் காதலிக்கிறான். அவளுடைய அப்பாவும் அண்ணனும் இவனை நோஞ்சான் என்று ஒதுக்குகிறார்கள். பேரும் ஒன்றாக இருப்பதால், இவர்தான் அந்தப் பிரபல குத்துச்சண்டை வீரர் என்று பணியாள் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறான். பொய்யைக் காப்பாற்றப் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டியிருக்கிறது. கயிற்றுக்குள் நுழையக்கூடத் தெரியாமல் அவன் சிக்கிக்கொள்வதைக் கீட்டன் அவசரப்படாமல் காட்டுகிறார். அவன் தினமும் அடி வாங்குகிறான். கடைசியில் உண்மையான வீரன் ஆடை மாற்றும் அறையில் அவனைக் கதறக் கதற அடிக்கும்போது அவன் திருப்பி அடிக்கிறான். அந்தச் சண்டையில் சிரிப்பே கிடையாது. அதுவரை அவன் பட்ட அடியெல்லாம் நம் கண்முன் நடந்ததால், அந்தத் திருப்பி அடித்தலை நம்புகிறோம்.

சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ 1931-ல் வந்தது. பார்வையற்ற பூக்காரிக்காகப் பணம் தேடி நாடோடி குத்துச்சண்டை மேடை ஏறுகிறான். நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து அடிக்கிறான். மூவரும் நடனம்போல ஒரே தாளத்தில் அசைகிறார்கள். ஓர் அங்குலம் தப்பினாலும் சிரிப்பு போய்விடும் என்பதால் அவ்வளவு ஒத்திகை பார்க்கப்பட்ட காட்சி. முடிவில் அவன் தோற்றுத்தான் போகிறான். தோற்றாலும் படம் தோற்கவில்லை. உடம்பைக் கவனித்து எடுத்த படத்துக்கு வெற்றி தோல்வி பெரிதில்லை.

இனி ‘மான் கராத்தே’. 2014 ஏப்ரல் 4 அன்று வெளியானது. கதை ஏ.ஆர். முருகதாஸ், இயக்கம் திருக்குமரன், இசை அனிருத், நாயகன் சிவகார்த்திகேயன், நாயகி ஹன்சிகா. கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர்கள் காட்டுக்குப் போன இடத்தில் ஒரு சித்தரைச் சந்திக்கிறார்கள். விளையாட்டாக, ஆயுத பூஜைக்கு மறுநாள் செய்தித்தாளைக் கேட்கிறார்கள். அன்றைக்குப் பத்திரிகை வராது என்பது அவர்கள் கணக்கு. கையில் வந்து விழுகிறது செய்தித்தாள். அவர்களுடைய நிறுவனம் மூடப்படும் என்றும், ராயபுரம் பீட்டர் என்பவன் குத்துச்சண்டையில் இரண்டு கோடி பரிசு வெல்வான் என்றும் அதில் இருக்கிறது. தேடிப் போனால் பீட்டருக்குக் குத்துச்சண்டையே தெரியாது. நாயகிக்கு விளையாட்டு வீரர்கள் என்றால் பிடிக்கும் என்பதால் அவன் கையுறை மாட்டுகிறான். இறுதிப் போட்டியில் எதிரே நிற்பவன் பெயரும் பீட்டர். அவன் பழுத்த வீரன்.

கீட்டன் படத்தின் எலும்புக்கூடு இதற்குள் இருப்பது தெரிகிறதல்லவா? ஒரே பெயர் கொண்ட இருவர், காதலிக்காகச் சொல்லும் பொய், தெரியாத தொழிலில் தலை கொடுத்தல். தொடக்கம் கலகலப்பானது, சிவகார்த்திகேயனின் நேரம் தவறாத பேச்சு படத்தைப் பாதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. கூட்டமும் வந்தது. ஆனால் அந்தச் செய்தித்தாள் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அவன் ஜெயிப்பான் என்பது அச்சில் வந்துவிட்டது. ஆகவே அவன் கற்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பயிற்சி வேடிக்கையாகவும் பாட்டாகவும் கழிகிறது. சண்டை என்றால் மான்போல நழுவி ஓடுவது என்ற ஒரே உத்தியில் அவன் சுற்றுச் சுற்றாகத் தாண்டுகிறான். கடைசியில் எதிராளி காதலியைப் பற்றி இழிவாகப் பேச, ரோஷம் வருகிறது. ரோஷம் வந்ததும் குத்தும் வந்துவிடுகிறது. அதுவரை கோமாளியாக இருந்தவன் ஐந்து நிமிடத்தில் வழக்கமான கதாநாயகனாக எழுந்து நிற்கிறான். அங்கே படம் தன் சொந்த நகைச்சுவையையே கைவிட்டுவிடுகிறது.

நழுவுதலையே கலையாகக் காட்டியிருக்க முடியாதா என்று அப்போது தோன்றியது. காட்ட முடியும் என்று 2021-ல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ நிரூபித்தது. ஷபீர் கல்லரக்கல் நடித்த டான்சிங் ரோஸ் ஆடுகிறான், குனிகிறான், வளைகிறான், கையைக் கீழே தொங்கவிட்டு எதிராளியைச் சீண்டுகிறான். பார்க்கச் சிரிப்பு வருகிறது. அதே நேரத்தில் பயமும் வருகிறது. அவனுடைய கோமாளித்தனம் முழுக்க முழுக்கத் தேர்ச்சியால் ஆனது. ‘மான் கராத்தே’ தன் தலைப்பிலேயே தேடிய ஆள் அவன்தான். நாயகன் கபிலனும் ரோஸும் மோதுவது வடசென்னையில். ராயபுரம் பீட்டரின் ஊரும் அதே வடசென்னைதான். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்த்த அந்த வட்டாரத்தைப் பெயருக்கு மட்டும் பயன்படுத்திய படத்துக்கும், அதன் தெருவுக்குள் இறங்கிப் போன படத்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

டெல்டாவுக்குத் திரும்புவோம். சம்பா அறுப்பு முடிந்து, குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 வரைக்கும் இடையில் உள்ள மாதங்கள்தான் இங்கே போட்டிக் காலம். பொங்கலில் தொடங்கிச் சித்திரை, வைகாசித் திருவிழாக்கள் வரை சுவரெல்லாம் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ சுவரொட்டிகள். ஆடுகளம் கோயில் திடலாக இருக்கும், இல்லாவிட்டால் பள்ளிக்கூட மைதானம். காவிரி வண்டல் காய்ந்தால் கட்டாந்தரை. அப்படியே ஆடினால் முழங்காலில் தோல் மிஞ்சாது. எனவே இரண்டு மூன்று நாள் முன்பே மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, மணல் கலந்து, தண்ணீர் தெளித்துப் பதமாக்குவார்கள். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நடுவே கோடு. சுண்ணாம்புப் பொடியில் கோடு விழுந்ததும் சின்னப் பையன்கள் அதற்குள் பாடிக்கொண்டு ஓடத் தொடங்கிவிடுவார்கள்.

எடைப் பிரிவு வைத்து நடத்தும் போட்டி என்றால் முதல் வேடிக்கை தராசில். அரைக் கிலோ கூடிவிட்டது என்று ஒருவன் சட்டையைக் கழற்றுவான், இடுப்புக் கயிற்றைக் கழற்றுவான், மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்து மறுபடி ஏறி நிற்பான். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவன், எடை சரி என்று சொன்ன அடுத்த நொடி பரோட்டாக் கடையைப் பார்த்து ஓடுவான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் மைக்கில் வர்ணனை செய்கிறவரின் தொண்டை கட்டியிருக்கும்; ஆட்டம் விடியும்வரை போகும். இதில் எதையும் ஒரு கதாசிரியர் உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டியதில்லை.

களத்துக்குள் நடப்பதையும் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். ரைடர் பாடிக்கொண்டு வருகிறான். ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் குனிந்து, கைகளைத் தொடைமேல் ஊன்றி, ரைடரின் கையைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை பொய் சொல்லும்; இடுப்பு பொய் சொல்லாது. ரைடர் காலை நீட்டித் தொடப் பார்க்கும்போது அவன் எடை முழுக்கப் பின்காலில் இறங்கும் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் நீட்டிய காலின் கணுக்காலைப் பிடித்து உள்ளே இழுத்தால் அவன் கவிழ்வான். ஒரு கணம் முந்தினால் அவன் கை பட்டுப் பிடிக்க வந்தவர் அவுட். ஒரு கணம் பிந்தினால் கால் போயிருக்கும். இந்தப் பிடியில் பெயர் எடுத்த பல பேர் வயதானவர்கள். கால் வேகம் குறைந்தாலும் கண் தேறியிருக்கும் என்பதால் பழைய ஆட்டக்காரர்களை மூலையில் நிறுத்துவது வழக்கம். ஒரு தாத்தாவுக்குக் கபடியில் இயல்பாகவே ஓர் இடம் உண்டு. பொத்தாரியை அந்த மூலையில் நிறுத்தி, அவர் என்ன பார்க்கிறார் என்று நமக்குக் காட்டியிருந்தால் போதும், எழுந்து கைதட்டியிருப்போம். படமோ அவரை எல்லோரையும்போல மோதித் தூக்கி வீசவைக்கிறது.

விதிகளே கதை சொல்லக்கூடியவை. 30 வினாடிக்குள் ரைடு முடிய வேண்டும், பாட்டு அறுபடக் கூடாது. மூச்சு விட்டால் அவுட். தொப்பை விழுந்த சித்தப்பாவின் 30 வினாடி ஒரு முழுக் காட்சிக்குத் தாங்கும். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது ரைடரைப் பிடித்துவிட்டால் கூடுதல் புள்ளி உண்டு. சூப்பர் டேக்கிள் என்று நம் பையன்கள் சொல்வது அது. நலிந்த அணிக்கு ஆட்டமே நீட்டும் கை. தாத்தாவும் இரண்டு மகன்களும் மட்டும் மிஞ்சி நிற்கிறார்கள், எதிரே ஊரின் சிறந்த ரைடர் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசாத அண்ணன் தம்பி அப்போது கை கோக்கத்தான் வேண்டும். குடும்பக் கதையும் கபடியும் ஒரே புள்ளியில் சேரும் இடம் அது. அதற்குப் பின்னணி இசையோ மெதுவோட்டமோ தேவைப்படாது.

சுசீந்திரனின் முதல் படமான ‘வெண்ணிலா கபடிகுழு’ 2009-லேயே இந்தப் பாதையைத் திறந்துவிட்டது. பழனிப் பக்கத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு கிராமத்து அணி, அவர்களைச் செதுக்கும் பயிற்சியாளராகக் கிஷோர். அந்தப் பையன்கள் தோற்கும் விதம்தான் படத்தின் முதல் பாதிச் சிரிப்பு. சூரிக்குப் பேர் வாங்கித்தந்த பரோட்டா காட்சியிலும் உண்ணுகிற உடம்புதான் நகைச்சுவைக்குப் பொருள். தோல்வியை ரசிக்கவைத்த பிறகே வெற்றிக்குப் போகிறது படம். பழனிப் பக்கத்தில் நடந்தது ஒரத்தநாட்டுப் பக்கத்தில் ஏன் நடக்கவில்லை?

நடிகர் தேர்வு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதர்வா 2015-ல் ‘ஈட்டி’யில் தடை ஓட்ட வீரராக நடித்தவர். காயம் பட்டால் ரத்தம் நிற்காத நோயுள்ள தஞ்சாவூர்ப் பையன், ஓடுகளத்தில். அந்த உடம்பின் கட்டும் ஓட்டமும் நம்பும்படி இருந்தன. அதே உடம்போடு அவர் கபடிக் களத்துக்குள் வரும்போது, இவனால் முடியுமா என்ற கேள்வியே யாருக்கும் எழாது. ராஜ்கிரணும் அப்படித்தான். முப்பது ஆண்டுகளாகத் திரையில் பலத்துக்கு மறுபெயராக இருந்தவர் தொடையைத் தட்டினால் ஊர் தோற்கும் என்று சீட்டில் உட்காரும்போதே தெரிந்துவிடுகிறது. பொருந்தாத வீரர்களின் கதையைப் பொருத்தமான வீரர்களைக் கொண்டு எடுத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சந்தேகம் இல்லாத இடத்தில் சிரிப்பும் இல்லை, பதைப்பும் இல்லை.

இன்னொரு காரணம் ஆழமானது. இரண்டு படங்களிலும் வீரத்தைத் திறக்கும் சாவி அவமானம். ‘மான் கராத்தே’யில் காதலியின் மானம், ‘பட்டத்து அரசன்’இல் குடும்பத்தின் மானம். மானம் பறிபோனால் திறமை தானே பொங்கிவரும் என்று இரண்டும் நம்புகின்றன. கபடி ஆடிய எவரைக் கேட்டாலும் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். கோபத்தோடு ரைடுக்குப் போகிறவன் கோடு தாண்டிக் காலை வைப்பான், பாட்டை விடுவான், பிடிபடுவான். களத்தில் கோபம் எதிரணியின் ஆயுதம், சீண்டுவதே அதற்குத்தான். சீண்டலுக்குச் சிரித்துவிட்டுத் தன் கணக்கைத் தவறவிடாதவன் எப்படி உருவாகிறான் என்பதில் உள்ள நாடகம் ரோஷத்தில் இல்லை.

ஊர் என்ற சொல்லையும் படம் சுலபமாகக் கையாள்கிறது. குடும்பம் ஒருபுறம், ஊர் மறுபுறம்; ஊர் ஒரே குரலில் பேசுகிறது. காவிரிப் படுகையில் ஊர் ஒருபோதும் ஒரே குரலில் பேசியதில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் ஒரு பக்கம், அதில் நடவு நட்டு அறுத்தவர்கள் வேறு பக்கம், குடியிருப்பும் வேறு வேறு. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டதும் அன்றைய தஞ்சை மாவட்டத்தில்தான். இப்படிப்பட்ட மண்ணில் கபடி என்பது சாதாரண விளையாட்டல்ல. எதிராளியைத் தொட வேண்டும், கட்டிப் பிடிக்க வேண்டும், ஒருவர் வியர்வை இன்னொருவர் மேல் படும். யாரோடு யார் ஆடலாம், யாரை யார் தொடலாம் என்பது பல ஊர்களில் கேள்வியாகவே இருந்தது. ஒரு குடும்பத்தை ஊர் ஒதுக்கிவைக்கும் கதையை இங்கே சொல்லும்போது, ஒதுக்கிவைத்தல் என்பதன் இந்த நீண்ட வரலாறு ஓர் ஓரத்திலாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ 2025 அக்டோபரில் வந்தபோது இதைத் தவிர்க்கவில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்வைத் தழுவிய அந்தப் படம், தென்மாவட்டத்தில் ஒரு இளைஞன் கபடிக் களத்தை அடைவதற்கு எத்தனை வெட்டுக்குத்துகளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது என்பதைச் சொன்னது. டெல்டாவுக்கு அப்படி ஒரு கபடிப் படம் இன்னும் வரவில்லை.

எல்லாப் படமும் சாதியைப் பேசித்தான் ஆக வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. ‘களவாணி’ பேசவில்லை, இருந்தும் அது நல்ல படம், ஏனென்றால் அது எடுத்துக்கொண்ட சின்ன உலகத்தை முழுமையாகக் காட்டியது. ‘பட்டத்து அரசன்’ ஊரின் நியாயத்தையே வழக்குமன்றத்தில் நிறுத்துகிறது. அந்த வழக்கை எடுத்த பிறகு ஊர் எதனால் ஆனது என்று கேட்காமல் இருக்க முடியாது.

கபடியின் பொருளாதாரமும் இந்தப் பத்தாண்டுகளில் தலைகீழாக மாறியது. 2014 ஜூலையில் புரோ கபடி லீக் தொடங்கியது. 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி வந்தது. மண்ணிலிருந்து ‘மேட்’ விரிப்புக்கு ஆட்டம் மாறியது. மண்ணில் வழுக்கிச் சறுக்கிப் பழகிய காலுக்கு மேட் வேறு உலகம். காலணி போட்டு ஆட வேண்டும், திரும்பும்போது பாதம் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் சவ்வு கிழியும் அபாயம் உண்டு. கிராமத்துப் பையன் ஒருவன் முதல் தடவை மேட்டில் கால் வைத்து ஆடத் தடுமாறுவது தனிப் படத்துக்கான கரு. ‘பட்டத்து அரசன்’ இந்த மாற்றத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. காசுக்குத் தோற்றுக் கொடுத்தான் என்ற பழி, பணம் புழங்காத ஆட்டத்தில் எழாது. லீக்கின் பணம் ஊருக்குள் நுழைந்ததும் பங்காளிகளுக்குள் எழும் பொறாமையும் சந்தேகமும் உண்மையானவை. அவற்றின் மீது இன்னும் இரண்டு காட்சிகள் செலவழித்திருந்தால், அந்தப் பேரனின் சாவு கதைக்குத் தேவைப்பட்ட திருப்பம் என்ற அளவில் நின்றிருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சற்குணத்தைப்போல டெல்டாவைத் தொடர்ந்து திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர்கள் குறைவு. ‘சண்டி வீரன்’இல் தண்ணீருக்காக இரண்டு ஊர்கள் மோதுவதை அவர் எடுத்தார், ‘நையாண்டி’யில் கும்பகோணத்துக் குத்துவிளக்குக் கடையைக் கொண்டுவந்தார். அவருடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. அக்கறை இருப்பவர் கோட்டைவிட்டதால்தான் இந்த ஏமாற்றம் இவ்வளவு கனக்கிறது.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் இருக்கிறது வடுவூர். வெளியூர்க்காரர்களுக்கு அது பறவைகள் சரணாலயம்; இங்குள்ளவர்களுக்குக் கபடி ஊர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியச் சிறுவர் அணி கபடியில் தங்கம் வென்றது. அந்த அணியில் வடுவூர் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். அடுத்ததாகக் கபடியை வைத்துப் படம் எடுக்க டெல்டாவுக்கு வரும் இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள்: நடிகர்களை அழைத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு முன்பே வாருங்கள். தையிலிருந்து வைகாசி வரை ஒரு பருவம் முழுக்க வடுவூர்ப் பையன்களோடு ஆடவிடுங்கள், விழவிடுங்கள், மூச்சு முட்டவிடுங்கள். கேமராவை அப்போதே ஓடவிடுங்கள்.